வெள்ளைக் கழிச்சலும் புழக்கடைச் சேவலும்

தென்னார்க்காட்டுச் சீமையின் சரித்திரத்தில் மன்னருக்கும் மறவருக்கும் மட்டுமன்றிச் சேவலுக்கும் இடமுண்டு என்பதற்கு, விழுப்புரத்துக்கு அருகிலுள்ள அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல்லே சான்றாகும். போர்க்களத்தில் மாண்ட வீரனுக்குச் செய்யும் மரியாதையைச் சேவற்சண்டையில் உயிர்விட்ட பறவைக்கும் செய்து, அதன் உருவத்தைக் கல்லில் செதுக்கி, அது முகையூர் மேற்சேரிக் கோழி என்பதை வட்டெழுத்தில் பொறித்து வைத்தனர் நம் முன்னோர். அக்கல் ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை உடையது என்பது கல்வெட்டறிஞர் கணிப்பு. ஆனால் களத்தில் விழாமல் புழக்கடையில் பிணியால் மடிந்த சேவல்களுக்கோ, அவை எத்தனை ஆயிரமாயினும், சரித்திரத்தில் ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை. அவற்றின் கதையைக் கள்ளக்குறிச்சிப் பிரதேசத்தையும் கல்வராயன் மலையையும் முன்னிறுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தும், கடுக்காய் பொறுக்கியும் ஜீவனம் நடத்திய மலையாளிப் பழங்குடியினர், சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் வாழ்ந்தனர்; அந்த ஜாகிர் முறை முற்றிலும் ஒழிந்தது 1976-ஆம் ஆண்டில்தான். நிலமும் விளைச்சலும் பிறர் கைக்குள் இருந்த அத்தகைய வாழ்வில், ஒரு குடும்பத்துப் பெண் தனதென்று சொல்லிக்கொள்ளத்தக்க செல்வம் வாசலில் மேய்ந்த நாலைந்து கோழிகளே. விருந்தினர் வந்தால் சமைப்பதற்கும், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதற்கும், கைமுடை நேர்ந்தபோது சந்தைக்குக் கொண்டுபோய் உப்பும் துணியும் வாங்கிவருவதற்கும் அவையே உதவின. ஆதலால் ஒரு சேவல் திடீரென்று சுருண்டு படுத்தால், அவ்வீட்டின் சேமிப்பே சுருண்டு படுத்ததாக அர்த்தம்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் அந்தத் திடீர் நோயின் போக்கை நம் நாட்டுப்புறத்தார் நன்கு அறிவர். முதல்நாள் மாலைவரை கூவித் திரிந்த சேவல் மறுநாள் காலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும், இரையைப் போட்டால் ஏறிட்டும் பாராது, கொண்டை கருக்கும், சுண்ணாம்பைக் கரைத்தாற்போல வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், தப்பிப் பிழைத்தது போலத் தோன்றினாலும் சில நாளில் கழுத்துத் திருகி, இறக்கை தொங்கி, கால் இழுத்துக்கொண்டு சாயும். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துச் சிறு உருண்டையாக்கி, அலகைப் பிரித்து ஊட்டுவது வீட்டு வைத்தியம். சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் அது ஓரளவு துணைபுரிந்த அனுபவத்தால், வெள்ளைக் கழிச்சலுக்கும் அதையே நம்பினர். கூடவே இன்னொரு காரியமும் நிகழ்ந்தது. நோய் கண்டது தெரிந்ததும், சாவதற்குள் விற்றுவிடுவோம் என்று மற்றக் கோழிகளைக் கூடையில் இட்டுச் சந்தைக்கு எடுத்துச் சென்றனர். அவ்விதம் வறுமை கற்பித்த உபாயமே, ஒரு வீட்டுப் பிணியைப் பத்து ஊர்களுக்குச் சுமந்து சென்றது.

இந்நோய் விஞ்ஞானிகளின் பார்வையில் பட்டது 1926-ஆம் ஆண்டு முதற்கொண்டே. ஜாவா தீவில் கிரானவெல்ட் என்பவர் அதை விவரித்தார்; இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே அதே ஆண்டு தோன்றிய கொள்ளைநோயை ஆராய்ந்த டாயில், அது ஒரு புதிய வைரஸின் விளைவு என 1927-இல் நிறுவினார். இந்தியாவில் குமாவூன் மலையிலுள்ள இராணிகேத்தில் கண்ட நோயை முக்தேசர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் 1928-இல் பதிவு செய்தார். நம் மாகாணத்திலோ, சென்னையிலிருந்து 1924 முதல் வெளிவந்துகொண்டிருந்த இந்தியக் கால்நடை மருத்துவப் பத்திரிகையில், 1930-ஐ ஒட்டிக் கைலாசம் ஐயர் என்பவர் ‘மதராஸ் கோழிக் கொள்ளைநோய்’ பற்றிய ஆய்வை வெளியிட்டார். தூரத் தேசத்துத் துறைமுக நகரமும் இமயத்து மலையூரும் தென்னகத்துச் சேரியும் ஒரே சத்துருவை எதிர்கொண்டிருந்தன என்பது சிறிது சிறிதாகவே புலனாயிற்று.

வந்த நோயைத் தீர்க்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆயினும் வருமுன் காக்கும் வழி 1940-களில் பிறந்தது. முக்தேசரில் ஹாடோ, இத்னானி என்னும் இருவர் வைரஸைக் கோழிமுட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்து, தடுப்பூசி மருந்தாக்கினர். மாட்டுக் கொள்ளைநோய்க்கு மருந்து செய்வதற்காக 1932-இல் ஏற்பட்ட இராணிப்பேட்டை நிலையமும் பிற்காலத்தில் கோழித் தடுப்பூசியை உற்பத்தி செய்து மாவட்டங்களுக்கு அனுப்பலாயிற்று. எனினும் இம்மருந்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. குப்பியைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். அன்றியும் ஒரு குப்பி நூறு இருநூறு கோழிகளுக்கானது. பண்ணைக்காரனுக்கு இவை தடையல்ல. நாலு கோழி வளர்ப்பவளுக்கோ, அதிலும் கச்சிராயபாளையத்திலிருந்து ஏறிச் சிதறிய குக்கிராமங்களை நடந்தே அடைய வேண்டியிருந்த மலையில் வாழ்பவளுக்கோ, பனிக்கட்டிப் பெட்டியில் வரும் அம்மருந்து எட்டாத கனியாகவே இருந்தது. மருந்து பிறந்ததற்கும் அது மலையேறியதற்கும் இடைப்பட்ட காலத்தில் மடிந்த கோழிகளை அறியாமையின் கணக்கில் எழுதுவது அநீதி; அவை தூரத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

அத்தூரத்தைக் குறைத்தவை இரண்டு. மலைச்சாலை வெள்ளிமலை வரை ஏறியது ஒன்று. கால்நடைப் பராமரிப்புத் துறை, கோடைக்கு முன்பாக ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வாரம் இலவசமாக நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் மற்றொன்று. கோழியைத் திறந்துவிட்டால் பிடிக்க முடியாதாகையால், ஊசி போடுபவர் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார். பஞ்சாரத்தைச் சற்றே தூக்கி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒருவர் இறக்கையை விரித்துப் பிடிக்க, மற்றவர் அதனடியில் மெல்லிய தோலுக்குள் அரை மில்லி மருந்தை ஏற்றுகிறார். ஒரு குப்பியை வீணாக்காமல் முடிப்பதற்குத் தெருவே ஒத்துழைக்க வேண்டியிருப்பதால், தனிக்குடும்பத்தின் காரியம் ஊர்க்காரியமாகிவிடுகிறது. வெப்பம் தாங்கும் தடுப்பு வைரஸைத் தானியத்தில் கலந்து ஊட்டலாம் என்று ஆஸ்திரேலியாவின் ஸ்ப்ராட்பிரோ 1980-களில் காட்டிய நெறியையொட்டி, 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் குருணை வடிவில் தடுப்பு மருந்தை உருவாக்கியிருப்பது, மலைவாழ் மக்களுக்கு மிகுந்த நன்மை தரத்தக்க முயற்சியாகும்.

இச்சரித்திரம் நமக்கு உணர்த்துவது யாதெனில், புழக்கடைச் சேவலின் வியாதியை அவ்வீட்டாரின் வியாதியாக மட்டும் கருதிய வரையில் நாம் தோற்றோம். ஊரின் வியாதியாகக் கருதத் தொடங்கிய பின்னரே வென்றோம். இன்று ஒரு சேவல் திடீரென ஒடுங்கினால், அதைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நிழலும் நீரும் கஞ்சியும் தந்து, கையைக் கழுவிய பின்னரே மற்றவற்றைத் தொட்டு, கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும். இறந்தால் ஓடையிலும் குப்பைமேட்டிலும் எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். எஞ்சியவற்றைச் சந்தைக்கு அனுப்பலாகாது. கைவைத்தியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது பரிவின் வெளிப்பாடு, பல சிறு நோய்களுக்கு உபகாரமும் ஆகும். ஆனால் வெள்ளைக் கழிச்சலைப் பொறுத்தவரை, சேவலுக்குச் செய்யும் மெய்யான சிகிச்சை அது நலமாய்க் கூவித் திரியும் நாளிலேயே, அண்டை வீட்டுக் கோழிகளோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டியது.