வாடைக்காலத்துத் திருகோணமலை

மார்கழியில் திருகோணமலைக்குப் போகிறேன் என்றபோது நண்பர்கள் நகைத்தனர். சித்திரை முதல் புரட்டாதி வரைதான் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அடங்கியிருக்கும். உல்லாசப் பயணிகள் வருவதும் அப்போதே. வாடைக்காற்று எழுந்தால் விடுதிகள் வெறிச்சோடிவிடும்.

நான் போன காலையில் டச்சுக் குடாவில் அலை சீறியது. வள்ளங்களைக் கரையேற்றியிருந்தனர். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மரங்களின் கீழ் ஒதுங்கி நின்றன. அதே வேளையில் உட்துறைமுகத்து நீரோ குளம்போல் அசையாது கிடந்தது.

இவ்வூரின் வரலாற்றை எழுதியது இந்த வேறுபாடுதான். பாய்க்கப்பல் காலத்தில், வாடை தொடங்கினால் சென்னையின் திறந்த கரையில் போர்க்கப்பல்கள் தங்க இயலாது. பிரித்தானியக் கடற்படை பம்பாய்க்கு ஒதுங்கும். சோழமண்டலக் கரை காவலின்றிக் கிடக்கும். அப்பருவத்திலும் கப்பல்களுக்கு அடைக்கலம் தரவல்லது திருகோணமலை. ஆகவே 1782 ஜனவரியில் பிரித்தானியர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து கைப்பற்றினார். சமாதானத்தின் பின் ஒல்லாந்தரிடம் மீண்ட துறைமுகம், 1795இல் மறுபடியும் பிரித்தானியர் வசமாயிற்று. 1957 வரை அவர்களது கடற்படைத் தளம் இங்கே இருந்தது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் தொழில் எப்படி என்று கேட்டேன். "வாடை முடியுமட்டும் கடன்தான் தம்பி" என்றார்.

இந்தக் காற்றுக்கு அஞ்சியே பேரரசுகள் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டன. அதே காற்றில் அடுப்பெரியாத வீடுகளைப் பற்றி அவர்களுடைய போர்க் கதைகளில் ஒரு வரியும் நான் படித்ததில்லை.