கொடையும் கடிதமும்: ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் பொருளாதாரமும் வெளியுறவும்

இலங்கையில் ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் ஆட்சியை ஆராய்வோர் திறந்த பொருளாதாரத்தை ஓர் அத்தியாயத்திலும் இந்தியாவுடனான பிணக்கை இன்னொன்றிலும் வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற அவரது ஐக்கிய தேசியக் கட்சி, அந்த நவம்பரிலேயே இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இரட்டை நாணய மாற்று வீதம் ஒழிந்து, ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. 1978இல் வளர்ச்சி 8 சதவீதத்தைத் தாண்டியது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. மறுபுறம், பங்கீட்டு அரிசியின் இடத்தை 1979இல் உணவு முத்திரை பிடித்தது. 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர்.

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் இந்த மாற்றம் வேறு முகம் காட்டியது. சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில், 1970 முதல் 1977 வரை, இறக்குமதித் தடையின் நிழலில் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்ல விலை போயின. கிணற்று நீரை இயந்திரத்தால் இறைத்துப் பயிர்செய்த குடும்பங்கள் கல்வீடு கட்டின. படித்த இளைஞரும் தோட்டத்துக்குத் திரும்பினர். கதவு திறந்ததும் அந்த விலை சரிந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலால் ஏற்கெனவே வழி குறுகியிருந்த தலைமுறைக்கு இது இரண்டாவது அடி. பின்னர் வந்த உள்நாட்டுப் போர் இதனால் மட்டும் மூண்டதென்று சொல்ல முடியாது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதப்படும் பொருளாதார மதிப்பீடு குறையுடையது என்றே நான் கருதுகிறேன்.

புதிய பொருளாதாரத்தின் மிகப் பெரிய செலவு மகாவலி ஆற்று அபிவிருத்தித் திட்டம். 30 ஆண்டுத் திட்டத்தை 6 ஆண்டுகளில் முடிக்க ஜெயவர்த்தன துணிந்தார். பணம் வெளியிலிருந்து வந்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. அணிசேரா இயக்கத்தின் தலைமையை 1979 வரை வகித்த நாடு, 1982இல் போக்லாந்து தீவுகள் குறித்த ஐ. நா. பொதுச்சபைத் தீர்மானத்தைப் பிரித்தானியாவுடன் சேர்ந்து எதிர்த்து வாக்களித்த 12 நாடுகளுள் ஒன்றானது. விக்டோரியா அணையை 1985இல் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் திறந்துவைத்தார். உதவிக்கும் வாக்குக்கும் எழுத்துமூல உடன்பாடு இருக்கத் தேவையில்லை, போக்கு போதும்.

இந்தப் போக்கைத்தான் டெல்லி சந்தேகத்துடன் பார்த்தது. 1983 ஜூலையில் தமிழர் கொன்றழிக்கப்பட்ட பின் இந்தியா நேரடியாகத் தலையிட்டது. அதே ஆண்டில் கொழும்பு அமெரிக்காவின் குரல் வானொலியுடன் ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டில் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு. 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொதிகளை வீசியபோது, மேற்கு நாடுகள் எவையும் கொழும்புக்காக எழுந்து நிற்கவில்லை. பத்தாண்டு நட்பின் எல்லை அன்று தெரிந்தது.

ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் பரிமாறிய கடிதங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்நாட்டின் படைக்கும் அளிப்பதில்லை. வெளிநாட்டு ஒலிபரப்பு ஒப்பந்தங்கள் மீளாய்வு. வெளிநாட்டுப் படைத்துறை, உளவுத்துறை ஆட்களின் தேவை குறித்து உடன்பாடு. மேற்கு நோக்கி ஜெயவர்த்தன எடுத்துவைத்த அடிகள் பல அங்கே ஒவ்வொன்றாகப் பின்வாங்கப்பட்டன.

அக்கடிதங்களில் இன்னொன்றும் இருந்தது: பிரித்தானியர் விட்டுச்சென்ற திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது. அதற்கான கூட்டு நிறுவன உடன்படிக்கை 2022 ஜனவரியில்தான் கையெழுத்தானது.