இளங்கோயிலும் ஏட்டுப்படியும்

கலைச்செல்வங்களைத் தாங்கி நிற்கும் மாளிகையொன்று பழுது நீக்குதற்பொருட்டு மூடப்பெறுங்கால் அதன் பணியும் உடன் நின்றுவிடுதல் வேண்டுமோ என்பது இக்காலக் கலைக் காட்சிச் சாலையார் எண்ணும் வினாக்களுள் ஒன்று. நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சிச் சாலை, தன் கட்டடத்தை விரித்தமைத்த 2002 முதல் 2004 வரை, குயின்சு பகுதியில் முன்னர்த் தொழிற்சாலையாயிருந்த ஓரிடத்தில் ஓவியங்களைக் காட்டிற்று. ஆம்சுடர்டாம் நகரத்து ரைக்சு காட்சிச் சாலையும், 2003 முதல் 2013 வரை தலைமைக் கட்டடம் மூடியிருந்தபோது, பக்கக் கட்டடத்தில் தேர்ந்தெடுத்த ஓவியங்களை மட்டும் வைத்துப் பணியைத் தொடர்ந்தது. இதனை ஒத்ததொரு வழக்குத் தமிழகக் கோயில்களில் தொன்றுதொட்டு உண்டு. அதற்குப் பெயர் 'இளங்கோயில்'.

திருப்பணி தொடங்குமுன் மூலத் திருவுருவின் ஆற்றலைக் குடத்திலோ, அத்திப் பலகையில் எழுதிய உருவிலோ எழுந்தருளச் செய்து, குடமுழுக்கு நாள்வரை சிற்றிடமொன்றில் வழிபடுவர். இதனைப் பாலாலயம் என்பர் வடமொழியாளர். 'பால' என்பதும் 'இள' என்பதும் ஒரு பொருளனவே. அப்பர் தம் அடைவுத் திருத்தாண்டகத்தில் கோயில் வகைகளை எண்ணுமிடத்து இளங்கோயிலையும் எண்ணினார். மீயச்சூரில் பெருங்கோயிலைச் சம்பந்தர் பாட, அவ்வளாகத்துள்ளேயே அமைந்த இளங்கோயிலை அப்பர் பாடினார். திருப்பணிக்காலத்து எழுந்த சிறு கோயிலே அங்கு நிலைபெற்றது எனக் கொள்வர். அது பொருந்துமாயின், தற்காலிக இடமும் பாடல் பெறும் தகுதி உடையதாக மதிக்கப்பெற்றது என்பது பெறப்படும்.

ஆயின், எல்லாவற்றையும் இளங்கோயிலுக்குக் கொண்டுசெல்லுதல் இயலுமோ? காளையார்கோவிலை நோக்குக. புறநானூற்று 21-ஆம் பாட்டுப் போற்றும் கானப்பேரெயில் இவ்வூரதே என்பர். அவ்வெயில் இன்றில்லை, பாட்டு உளது. சுந்தரர் இவ்வூர் இறைவனைக் 'காளை' என அழைத்தமையால் ஊரும் அப்பெயர் பெற்றது. மூன்று சந்நிதிகளைக் கொண்ட இக்கோயிலில் பாண்டியர்காலக் கல்வெட்டுக்கள் உள்ளன. 1801-இல் உயிர்நீத்த மருது சகோதரர் எடுத்த பெருங்கோபுரமும் உளது. திருப்பணிக்காலத்தில் இறைவன் இளங்கோயில் புகுவான். செப்புத் திருமேனிகளும் இடம் பெயரும். கோபுரமும் எழுத்துடைச் சுவரும் எங்கும் பெயரா. இடர் நேர்வதும் அவற்றிற்கே.

இவ்விடரை உணர்ந்து சோழர் வழிகண்டனர். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுக்களை முதற்கண் ஏட்டில் படியெடுக்குமாறும் பணித்தான். பணி முடிந்தபின், இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவ்வேட்டினின்றும் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பெற்றன. இடைப்பட்டது ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டு. அத்துணைக் காலமும் அந்நிவந்தங்களும் கொடையாளர் பெயர்களும் ஓர் ஏட்டில் வாழ்ந்தன. இறைவனுக்கு இளங்கோயில் போல எழுத்துக்கு ஏடு அமைந்தது எனலாம்.

இவ்விரண்டனுள் முன்னது இன்றும் வழுவாது நடைபெறுகின்றது. பின்னது அங்ஙனம் நடைபெறுகின்றது எனத் துணிந்து கூற இயலாது. சுண்ணப் பூச்சின்கீழ் மறைந்த ஓவியங்களும், மணல்வீச்சால் தேய்ந்த எழுத்துக்களும், சிமெண்டுக் காரையுள் புதைந்த வரிகளும் தமிழகத்தில் பலவாம். அழிந்த வரியில் அமைந்தது ஓர் ஊர்ப்பெயரோ, ஒரு நிலவளவையோ, வேறெங்கும் காணாத ஒரு சொல்லோ, யார் அறிவார்?

ஆகலின் பாலாலய நாள் குறிக்கப்பெற்ற கோயில்தோறும், திருப்பணி தொடங்குமுன், மைப்படியும் நிழற்படமும் எடுத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடனாகும். முதுகலை மாணவர் நால்வர் சில நாள் உழைப்பின், சிறு கோயிலொன்றன் சுவர்கள் ஏடேறும். இராசராசன் ஆணையால் நிகழ்ந்ததனை நாம் நம் கல்வியின் பயனாகச் செய்தல் வேண்டும்.