கோளாறு எங்கே இருக்கிறது? ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

1973இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தது. ஏழாண்டுகளுக்குப் பின், 1980இல், அதே சங்கத்தின் கையேடான டிஎஸ்எம் தன் மூன்றாம் பதிப்பில் ‘டிரான்ஸ்செக்சுவலிசம்’ என்ற நோய்ப்பெயரைப் புதிதாகச் சேர்த்தது. தன் உடற்பாலின் மீதான ஒவ்வாமையும் மறுபாலினராக வாழும் விருப்பமும் ஈராண்டுகள் இடையறாது நீடித்திருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்களுள் ஒன்று.

1994இல் நான்காம் பதிப்பு அப்பெயரைப் ‘பாலின அடையாளக் கோளாறு’ என மாற்றியது. துன்பமோ வாழ்க்கைப் பாதிப்போ இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அப்போது இடம்பெற்றது. ஆயினும் பெயரில் ‘கோளாறு’ ஒட்டியிருந்தது துன்பத்தோடு அன்று, அடையாளத்தோடு. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த ஒட்டை அறுத்து, ‘ஜெண்டர் டிஸ்போரியா’ என்று துன்பத்துக்கே பெயரிட்டது. எனினும் அந்நிலை உளமருத்துவக் கையேட்டிலேயே நீடித்தது.

உலகச் சுகாதார நிறுவனம் மேலும் ஓரடி சென்றது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, ‘பாலின இசைவின்மை’ என்ற பெயரை உளநோய் அத்தியாயத்திலிருந்து விலக்கி, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்தது. துன்பம் கட்டாய அளவுகோலாக இல்லை. பாலின வழக்கத்துக்கு மாறான நடத்தை மட்டுமே நோயறிதலுக்கு அடிப்படையாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

அவ்வாறாயின் பெயரை முற்றிலும் நீக்காதது ஏன்? ஹார்மோன் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையும் காப்பீடும் ஒரு குறியீட்டைக் கேட்கின்றன. குறியீடு இழிவைச் சுமத்தும். குறியீடின்மை சிகிச்சையை மறுக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான உடன்பாடே புதிய அத்தியாயம்.

இம்மாற்றம் இந்தியாவுக்குத் தொலைவிலுள்ளதன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஐசிடியின் அண்மைப் பதிப்பையும் குறிப்பிடுகிறது. 2014இன் நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உடற்சோதனையை விடுத்து ‘உளவியல் சோதனை’யைத் தேர்ந்தது. ஒருவரின் பாலினத்தை அவர் உள்ளமே அறியும் என்பது தீர்ப்பின் கருத்து. ஆனால் ‘சோதனை’ என்ற சொல், சோதிப்பவர் ஒருவரையும் உடனழைத்து வருகிறது. திருநர் ஒருவர் தாம் யார் என்பதைச் சொல்வதும், அதை மருத்துவர் சான்றளிப்பதும் வெவ்வேறு செயல்கள். நாற்பதாண்டுப் பெயர்மாற்றங்கள் இரண்டையும் மெல்லப் பிரித்துவந்துள்ளன. அப்பிரிவு இன்னும் முழுமையடையவில்லை.