கணவனின் கையொப்பம்: இனமும் பால்நிலையும் சேரும் இடம்

தேசவழமைக்கு உட்பட்ட வட மாகாணத் தமிழ்ப் பெண் ஒருவருக்குப் பெற்றோர் சீதனமாகக் காணி எழுதிக் கொடுக்கிறார்கள். உறுதி அவருடைய பெயரில் இருக்கிறது. ஆனால், மணவாழ்வு நீடிக்கும்வரை அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை. இனமும் பால்நிலையும் சேர்ந்து ஒரு பெண்ணின் அதிகாரத்தை எப்படிக் குறைக்கின்றன என்பதை விளக்க, இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். கணவனின் சம்மதம் பற்றிய ஏற்பாடு, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்கள் தமது சொத்தைத் தாமே கையாளும் உரிமையை 1923இல் இன்னொரு கட்டளைச் சட்டத்தின் மூலம் பெற்றார்கள். தேசவழமைக்கு உட்பட்டவர்களை அது விலக்கிவைத்தது. கரையோரச் சிங்களப் பெண்ணுக்கும் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கும் கிடைத்த உரிமை யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்தால் வெளியிலிருந்து வரும் பெண்ணும் அந்த மணவாழ்வு உள்ளவரை இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

போர் இந்த ஏற்பாட்டை ஒரு பொறியாக மாற்றியது. காணாமல் ஆக்கப்பட்ட கணவனிடம் சம்மதக் கையொப்பத்தை எப்படிப் பெறுவது? மரணச் சான்றிதழ் எடுத்தால் விதவை என்ற நிலையில் காணியை விற்கலாம். ஆனால், கணவன் எங்கே என்று ஆண்டுக்கணக்காக அரசிடம் கேட்டு நிற்கும் ஒரு பெண், பிள்ளையின் படிப்புச் செலவுக்காகத் தன் கையாலேயே அவரை இறந்தவராகப் பதிய வேண்டும். 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். இருப்பினும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள சம்மத விதி நீக்கப்படவில்லை.

இப்படி இரு பக்கமும் அகப்படும் நிலைக்கு அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷோ 1989இல் குறுக்குவெட்டுத்தன்மை என்று பெயரிட்டார். அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு. அந்த நிறுவனம் 1964க்கு முன்னர் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் நீக்கப்பட்டார்கள். ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்துத்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். அவர்கள் வெள்ளையினப் பெண்கள். இனப் பாகுபாட்டையும் பால் பாகுபாட்டையும் சேர்த்து ஒரே வழக்காகக் கொண்டுவரவும் அது இடமளிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து தாக்கிய பெண்களுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

எமது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் 16(1)ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. சம்மத விதியை அடிப்படை உரிமை வழக்கின் மூலம் நீக்க முடியாதபடி இது காக்கிறது.

சட்டத்துக்கு வெளியேயும் இதே பூட்டுத்தான். தேசவழமையில் திருத்தம் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், இன அடையாளத்தில் கை வைக்காதே என்று தமிழ் அரசியல் சொல்கிறது. கொழும்பில் கேட்டால், அது உங்கள் சமூகத்தின் வழமை, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற பதில் வருகிறது. கணவனைத் தேடி வீதியில் நிற்கையில் அவர் தமிழர் என்பதால் அரசு அவருக்குக் காது கொடுப்பதில்லை. காணியைப் பற்றிப் பேசுகையில் அவர் பெண் என்பதால் ஊர் காது கொடுப்பதில்லை.

தேசவழமையை ஒழிக்கும்படி நான் கேட்கவில்லை. பெண் வழியே சீதனமாகச் சொத்து இறங்குவது அதில் உள்ள பெறுமதியான அம்சம். சொத்தைக் கொடுத்துவிட்டு அதன் திறப்பைக் கணவனிடம் விடும் அந்த ஒரு விதி நீங்கினால் போதும். அதுவரை, கணவன் இருக்கும் இடம் தெரியாதவர்களும், கணவன் காரணமின்றிச் சம்மதம் மறுப்பவர்களும், அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கோரலாம். அதற்கும் சட்டத்தரணி, செலவு, தவணைகள் வேண்டும். தன் பெயரில் உள்ள காணிக்காக ஒரு பெண் நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பது எத்தனை காலத்துக்கு நியாயம் என்பதை, நிலத்துக்காக இத்தனை இழந்த நாம்தான் முதலில் பேச வேண்டும்.