காய்ந்தால் பாறை, நனைந்தால் கூழ்: ஒரு மண்ணின் கதை

நண்பர்களே, மண்ணைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது ஒரு ரயில் பாதையையும் சில விவசாயிகளையும் மோத விட்டு, கடைசியில் லண்டன் வரை வழக்குக்குப் போன மண். அது இருக்கும் இடம் கனடாவின் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே தாம்சன் ஆற்றங்கரையில் ஆஷ்கிராஃப்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கனடா என்றதும் பனியும் பசுமையான காடும்தானே நினைவுக்கு வரும்? ஆஷ்கிராஃப்ட் அப்படி இல்லை. மேற்கே நிற்கும் மலைத்தொடர் கடலிலிருந்து வரும் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், இங்கே ஆண்டு மழை 250 மில்லிமீட்டரைக்கூட எட்டுவது அபூர்வம். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிற சேஜ் புதர்கள், கள்ளிச் செடிகள், ஆற்றின் இரு பக்கமும் படிக்கட்டு போல உயர்ந்து போகும் மேட்டு நிலங்கள். நம் கதாநாயகன் அந்தப் படிகளில்தான் இருக்கிறான்.

பனி அரைத்த மாவு

கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி முழுவதும் மிகத் தடித்த பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பனிப்பாளம் சும்மா கிடப்பதில்லை, மெல்ல நகரும். நகரும்போது அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு பாறையை அரைக்கும். கிட்டத்தட்ட ஒரு ராட்சத எந்திரக்கல்! அதில் அரைபட்டு வருவதுதான் 'பாறை மாவு'.

சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகி முடியும் காலத்தில் பள்ளத்தாக்குகளில் பெரிய ஏரிகள் தேங்கின. அந்த மாவு ஏரித் தண்ணீரில் கலந்து மெல்ல அடியில் படிந்தது. கோடையில் வெளிர் நிற வண்டல் படியும். குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, அதைவிட நுண்ணிய களிமண் கருமையாகப் படியும். வருடத்துக்கு ஒரு ஜோடி அடுக்கு. மரத்தின் வளையங்களை எண்ணுவது போல இவற்றையும் எண்ணலாம்.

பிறகு ஏரிகள் வடிந்தன. ஆறு தன் பழைய படிவுகளையே அறுத்துக்கொண்டு கீழே இறங்க, அறுபடாமல் நின்றவை உயரமான படிகளாயின. செடி கொடி இல்லாத அந்த நாட்களில் காற்றும் வண்டலை வாரி மேலே தூவியது. இப்படித்தான் வறண்ட மேட்டில் ஏரி வண்டல் வந்து உட்கார்ந்தது.

அதன் குணம் என்ன?

வண்டல் என்பது மணலுக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்டது. ஒரு துகளின் அளவு சுமாராக 0.002 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை. விரல்களுக்கிடையே தேய்த்தால் மணல் போல நறநறக்காது, களிமண் போல ஒட்டாது, கோதுமை மாவு போல வழுக்கும்.

காய்ந்திருக்கும்போது இது அசாத்திய உறுதி கொண்டது. செங்குத்தாக வெட்டினால் சுவர் போல அப்படியே நிற்கும். தாம்சன் கரையில் பல மாடி உயரத்துக்கு இப்படி வெளிறிய செங்குத்துச் சுவர்களைக் காணலாம். துகள்களுக்கு நடுவே இருக்கும் துளி ஈரத்தின் இழுப்பு விசையும், கொஞ்சம் களிமண்ணும் சுண்ணாம்பும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை.

ஆனால் அந்தப் பசை தண்ணீருக்கு ஆகாது. மண் நன்றாக நனைந்ததும் ஈரத்தின் இழுப்பு போய்விடும், ஒட்டு இளகும், துகள்கள் நெருங்கி நிலம் தொப்பென்று உள்ளே இறங்கும். விரிசல் வழியாக நுழையும் தண்ணீர் வண்டலைக் கரைத்துக்கொண்டே ஓடி, பூமிக்குள் குழாய் போல சுரங்கம் பறிக்கும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் கூரை விழுந்து திடீர்ப் பள்ளம் தோன்றும்போதுதான் தெரியும்.

இன்னொரு குணமும் உண்டு. மழை குறைவு என்பதால் சத்துகள் அடித்துச் செல்லப்படாமல் மண்ணிலேயே தங்கியிருக்கின்றன. கல் இல்லாததால் ஏர் சுலபமாக இறங்கும். ஆக, தண்ணீர் மட்டும் கொடுத்தால் நன்றாக விளையும். சிக்கலே இங்குதான். இந்த மண்ணுக்கு உயிர் கொடுப்பதும் தண்ணீர், உறுதியைப் பறிப்பதும் அதே தண்ணீர்.

வாய்க்கால் வந்தது

இந்தப் பள்ளத்தாக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக செக்வெப்பெம், ந்லகபமுக் மக்களின் பூமி. சால்மன் மீன்தான் அவர்கள் வாழ்வின் ஆதாரம். 1858-ல் ஃபிரேசர் ஆற்றில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் வெளியார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1862-ல் கார்ன்வால் என்ற ஆங்கிலேய சகோதரர்கள் இருவர், தங்கம் தேடிப் போகிறவர்களுக்காக வழியில் ஒரு சத்திரம் வைத்து, நிலமும் எடுத்தார்கள். ஆஷ்கிராஃப்ட் என்ற பெயரே அவர்களுடைய இங்கிலாந்து வீட்டின் பெயர்தான்.

குடியேறியவர்களுக்கு நிலம் இருந்தது, மழை இல்லை. ஆறோ மிகக் கீழே ஓடியது. எனவே மலையோடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி மேட்டுப் படிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாய்க்காலிலும் கசிவு, வயலிலும் தேக்கிப் பாய்ச்சல். பத்தாயிரம் ஆண்டுகளாக அரைத் தாகத்தில் இருந்த மண், ஒரே கோடையில் ஒரு வருட மழையைவிட அதிகமான தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது. புதர்க்காடு வயலானது.

1880 அக்டோபரில், ஆஷ்கிராஃப்டுக்குத் தெற்கே ஒரு பெரிய மேடு அப்படியே சரிந்து தாம்சன் ஆற்றில் விழுந்தது. அந்தப் பெரிய ஆறு ஏறக்குறைய இரண்டு நாட்கள் அடைபட்டு நின்றது! பின்புறம் ஏரி போலத் தண்ணீர் தேங்கி, பிறகுதான் மண்ணை உடைத்துக்கொண்டு ஓடியது.

ரயில் வந்தது

பத்து ஆண்டுகளுக்குள் ரயில் பாதை தொடங்கப்படும் என்றல்ல, கட்டி முடிக்கவே வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பிரிட்டிஷ் கொலம்பியா 1871-ல் கனடாவோடு இணைந்தது. ஆன்ட்ரூ ஓண்டர்டாங்க் என்ற ஒப்பந்தக்காரர் இந்தப் பள்ளத்தாக்கு வழியே பாதை அமைத்தார். அதற்காக 15,000-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1885 நவம்பர் 7-ல் கனடியன் பசிபிக் ரயில்வேயின் கடைசி ஆணி அடிக்கப்பட்டது.

பாதை போனது அந்த வண்டல் படிகளின் அடிவாரத்தில். மேலே வயல், கீழே தண்டவாளம். நடுவில் நனைந்துகொண்டிருக்கும் மண். பாதை மீண்டும் மீண்டும் சரிவுகளில் சிக்கியது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் புரூஸ்டர் ஸ்டான்டன் இந்தச் சரிவுகளை ஆராய்ந்து, 1898-ல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். மேலே பாய்ச்சிய பாசன நீர்தான் காரணம் என்பது அவர் முடிவு.

ரயில்வே கம்பெனி ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருந்தது. எதிர்த்தரப்பில் பார்க் என்ற நிலச்சொந்தக்காரர். "சட்டப்படி உரிமம் வாங்கித்தான் தண்ணீர் எடுக்கிறோம்" என்பது விவசாயி பக்கத்து வாதம். வழக்கு மேல்முறையீட்டில் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1899-ல் தீர்ப்பு வந்தது. தண்ணீர் எடுக்கச் சட்டம் அனுமதி தருகிறது, ஆனால் அந்தத் தண்ணீரால் பக்கத்து நிலத்துக்காரருக்குச் சேதம் விளைவிக்க அனுமதி தரவில்லை என்றார்கள் நீதிபதிகள். ரயில்வே ஜெயித்தது.

குற்றவாளி யார்?

அன்றைய தீர்ப்போடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பிற்கால ஆய்வுகள் இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தன. பெரிய சரிவுகள் வழுக்குவது மேலே உள்ள வண்டலில் மட்டும் அல்ல. பல சரிவுகளில், அடியில் இன்னும் பழைய பனி ஏரிகளின் வண்டலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்தக் களிமண் அடுக்குகளில்தான் வழுக்கு தளம் இருக்கிறது. ஆறும் தன் பங்குக்கு அடிவாரத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதாவது பாசனம் ஒரு முக்கியக் காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. சரியத் தயாராக இருந்த மலைச்சரிவின் முதுகில் தண்ணீரையும் ஏற்றினார்கள் என்று சொல்லலாம்.

இன்றும் இந்தப் பிரச்சினை ஓயவில்லை. 1915-ல் முடிந்த இரண்டாவது ரயில் பாதையும் இதே பள்ளத்தாக்கில்தான் போகிறது. ஆஷ்கிராஃப்டுக்குத் தெற்கே ரிப்லி என்ற சரிவு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கனடாவின் புவியியல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள், ஒளியிழைக் கம்பி எல்லாம் வைத்து அதன் அசைவை அளந்து வருகிறார்கள். பசிபிக் துறைமுகங்களுக்குப் போகும் சரக்கு ரயில்கள் அதன் மேலேதான் ஓடுகின்றன.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் யாரையும் வில்லன் என்று சொல்ல முடியவில்லை. விவசாயி, காய்ந்த நிலத்தில் தண்ணீர் விட்டால் பயிர் வரும் என்று பார்த்தார். பொறியாளர், செங்குத்தாக நிற்கிற மண் உறுதியானது என்று பார்த்தார். இரண்டு பேர் பார்த்ததும் உண்மைதான். ஆனால் ஒருவர் சொன்ன உண்மை மற்றவர் சொன்னதை அழித்துவிடும் என்பது மண் சரிந்த பிறகுதான் புரிந்தது. ஒரு நிலத்தின் குணத்தைக் கேட்டால், 'எப்போது? காய்ந்திருக்கும்போதா, நனைந்திருக்கும்போதா?' என்று திருப்பிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த 1899 தீர்ப்பு சரிதானா என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும். விவசாயி பக்கமா, ரயில் பக்கமா? எழுதுங்கள், விவாதிப்போம் :)