பத்து மணி நேர டிக்கெட்

காலையில் அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லை அடித்து உள்ளே நுழையும்போதே கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையின் டிக்கெட் ஒன்று பிறந்துவிடுகிறது. கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. அதிலிருந்து உருவான சாவியால் அப்போதைய நேரத்தைப் பூட்டி அனுப்புகிறது கணினி. மையச் சர்வர் திறந்து பார்த்து டிக்கெட் தருகிறது. விண்டோஸ் டொமைனில் அதன் வழக்கமான ஆயுள் 10 மணி நேரம்.

கெர்பரோஸின் குலம் பழையது. 1978இல் நீதமும் ஷ்ரோடரும் எழுதிய நெறிமுறைதான் மூதாதை. பழைய சாவி ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை வைத்தே ஏமாற்றலாம் என்று 1981இல் டென்னிங்கும் சாக்கோவும் காட்டினார்கள். நேரமுத்திரை வேண்டும் என்றார்கள். 1983இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய அத்தீனா திட்டத்தில் கெர்பரோஸ் உருவானபோது அந்த முத்திரையும் கூடவே வந்தது. அதனால்தான் இன்றும் வழக்கமான அமைப்பில் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் டிக்கெட் செல்லாது. டிக்கெட் ஏற்கப்படாமல் டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் முதலில் மணியைப் பார்ப்பது நல்லது.

காலையில் வாங்கிய டிக்கெட்டை நேரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிடம் நீட்ட முடியாது. அதை மையச் சர்வரிடம் காட்டி, போஸ்ட்கிரெஸுக்கென்றே இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். இதைப் பூட்டியிருக்கும் சாவி டேட்டாபேஸ் சர்வரின் கீடேப் கோப்பில் இருக்கிறது. கொண்டுபோகிற பயனராலேயே பிரித்துப் படிக்க முடியாது. டேட்டாபேஸோ யாரையும் கேட்காமல் தானே திறந்துகொள்கிறது. இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உள்ளிருந்து டேட்டாபேஸுக்குக் கிடைக்கும் அடையாளம் ஒரு பெயர், @ குறி, ரெல்ம் எனப்படும் நிர்வாக எல்லையின் பெயர். அந்தப் பெயரில் டேட்டாபேஸில் ரோல், அதாவது கணக்கு, உருவாக்கப்படவில்லை, வேறு ரோலோடு பொருத்தவும் இல்லை என்றால், அசல் டிக்கெட்டும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ரோல் இருந்தாலும், கல்யாண மண்டபத்தில் அழைப்பிதழைக் காட்டி நுழைந்தவர் சமையற்கட்டுச் சாவியைக் கேட்க முடியுமா? சம்பள டேபிளைப் பார்க்க கிரான்ட் கட்டளை தனியாக வேண்டும். டேபிளுக்கு செலக்ட் கொடுத்துவிட்டு, ஸ்கீமாவுக்கு யூசேஜ் கொடுக்க மறப்பவர்கள் நிறைய. உரிமையை ஆளாளுக்குக் கொடுக்காமல் ஒரு குழு ரோலுக்குக் கொடுத்து, ஆட்களை அதில் சேர்ப்பதே நிர்வாகிக்குச் சுகம்.

மாலையில் டிக்கெட் காலாவதியாகும், கிரான்ட் ஆகாது. ஊழியர் வேலையை விட்டுப் போனால் மையச் சர்வரில் கணக்கை முடக்குவார்கள், புது டிக்கெட் பிறக்காது. டேட்டாபேஸுக்கோ அந்தச் செய்தி எட்டாது. நேரடியாகக் கொடுத்த உரிமைகளை ரிவோக் செய்யாமல் அந்த ரோலை நீக்கப் போனால், போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும்.